கணப்புக்குப் பக்கத்தில் ஒரு கதவு

ஆபீஸ் அலமாரியின் கீழ்த்தட்டில் கிடக்கும் பழைய வீட்டு அலங்காரப் பத்திரிகைகளை எடைக்குப் போட்டுவிடலாமா என்று உங்களில் ஒருவர் போன வாரம் என்னிடம் கேட்டார். நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள். அலமாரி உங்களுடையது, தாராளமாகப் போடுங்கள். போடுவதற்கு முன்னால் ஒருமுறை புரட்டிப் பாருங்கள், அவ்வளவுதான். படங்கள் இருக்கட்டும், எந்தப் படத்தில் எந்த இடம் தேய்ந்திருக்கிறது என்று பாருங்கள்.

இப்போது வீடு கட்ட வருகிறவர்கள் கைபேசியை நீட்டுகிறார்கள். விரலால் தள்ளத் தள்ள நூறு வீடுகள் வருகின்றன. உங்களுக்கு அதில் எது பிடித்திருக்கிறது என்று கேட்டால் எல்லாமே நல்லாத்தான் இருக்கிறது என்கிறார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அவர்கள் கொண்டுவந்தது ஒரே ஒரு பக்கம். பத்திரிகையிலிருந்து கிழித்து, நான்காக மடித்து, மஞ்சள் பைக்குள் வைத்திருப்பார்கள். பலருக்கு அந்தப் பத்திரிகையின் மொழியே தெரியாது. அதில் இருக்கும் வீட்டை அவர்களால் கட்டவும் முடியாது, அதுவும் அவர்களுக்குத் தெரியும். பிறகு ஏன் வருடக்கணக்கில் அதை வைத்திருக்கிறார்கள்? இந்தக் கேள்வி எனக்குத் தொழிலைவிடப் பெரிதாக இருந்தது. வாழவந்தியிலிருந்து வந்த ஒரு விவசாயி மாடிப்படிப் படம் ஒன்றைக் கொடுத்தார். படி வேண்டுமா என்று கேட்டேன். "படி எதுக்குங்க, நாங்க மாடி கட்டப் போறதில்லீங்க. அந்தப் படியில வெயில் உளுந்திருக்குதில்லீங்க, அது வேணும்" என்றார். கிழக்குச் சுவரில் உயரமாக ஒரு சன்னல் வைத்துக் கொடுத்தோம். அன்றிலிருந்து யார் பக்கத்தை நீட்டினாலும் படத்தைப் பார்க்கும் முன் அவர்கள் முகத்தைப் பார்க்கப் பழகிக்கொண்டேன்.

அப்படியும் ஒரு முகத்தை நாங்கள் எல்லோரும் பார்க்கத் தவறினோம். எண்பதுகளின் நடுவில், ஏற்காட்டு மலைமேல் இருக்கும் கொட்டச்சேட்டில் நடந்தது அது.

நான் அப்போது சேலத்தில் ஓர் இன்ஜினியரிடம் வேலை பார்த்தேன். பிளான் வரைவது, மேலே ஏற்காட்டுப் பக்கம் வேலை நடந்தால் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வருவது, இதுதான் என் வேலை. பாலிடெக்னிக் முடித்து வந்து ஓரிரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. சம்பளப் பட்டியலில் என் பெயருக்கு எதிரே 'டிராப்ட்ஸ்மேன்' என்றே இருந்தது. பெண்ணுக்கு வேறு சொல் அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

ஒருநாள் கொட்டச்சேட்டுப் பக்கத்து எஸ்டேட் ஒன்றின் ரைட்டர் தன் மனைவியோடு வந்தார். ஆள் கணக்கு, சம்பளக் கணக்கு எழுதுகிறவருக்கு எஸ்டேட்டில் ரைட்டர் என்று பெயர். கல்யாணம் ஆனதிலிருந்து எஸ்டேட் வரிசையாகக் கட்டிக் கொடுத்த லைன் வீடுகளில் ஒன்றில்தான் இருவரும் இருந்தார்கள். அவர் ஓய்வு பெறப் போகிறார். புது ரைட்டர் வந்ததும் அந்த வீட்டைக் காலி செய்தாக வேண்டும். எஸ்டேட்டுக்கு வெளியே ரோட்டோரமாக ஒரு துண்டு நிலம் வாங்கிவைத்திருந்தார்.

"இந்த மாதிரி ஒரு ஊடு வேணுமுங்க சார்" என்று ஒரு பக்கத்தை மேசைமேல் விரித்தார்.

எஸ்டேட் பங்களாவுக்குத் தபாலில் வரும் வெளிநாட்டுப் பத்திரிகை அது. முதலாளியம்மா படித்து முடித்ததும் பழைய இதழ்கள் ரைட்டர் வீட்டுக்கு வந்துவிடுமாம். படத்தில் ஒரு கூடம். எதிர்ச்சுவர் நடுவில் கல் வைத்துக் கட்டிய கணப்பு, அதில் நெருப்பு எரிகிறது. முன்னால் ஒரு நாற்காலி, கம்பளம். ரைட்டர் கணப்பின் மேல் விரலை வைத்துத் தட்டினார். "இந்தப் பயர்பிளேசு இருக்கோணுங்க. ஊட்டுல இவளும் இந்தப் படத்தை எடுத்து எடுத்துப் பாப்பா. எங்க ஊர்க் குளுரு உங்களுக்குத் தெரியுமில்லீங்க."

மனைவி ராஜாமணி அம்மா பக்கத்தில் உட்கார்ந்து படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. ஆமாம் என்பதாக நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

ரைட்டருக்கு இன்னொரு நிபந்தனையும் இருந்தது. முன்வாசல், நடுவாசல், பின்வாசல் மூன்றும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். அப்பகுதியில் எல்லோரும் கேட்பதுதான். மனை அகலம் குறைவு. எதிர்ச்சுவர் நடுவில் வாசல் வந்துவிட்டதால் கணப்பை அங்கே வைக்க முடியவில்லை. இன்ஜினியர் அதை இடது பக்கச் சுவருக்கு நகர்த்தினார். நான் வரைந்தேன். ரைட்டருக்குத் திருப்தி. ஆடி கழிந்ததும் பெருமாள் மேஸ்திரி வேலையைத் தொடங்கினார்.

சுவர் வாசல் உயரத்துக்கு வந்துவிட்டது, நாளைக்கு வாசல்களுக்கு மேலே லிண்டல் காங்கிரீட் போடுகிறோம், கம்பியைச் சரிபார்த்துவிட்டுப் போங்கள் என்று மேஸ்திரி சொல்லியனுப்பினார். நான் காலை பஸ்ஸில் போனேன். பனி அப்போதுதான் விலகிக்கொண்டிருந்தது. கம்பி கட்டியிருந்ததைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது ரைட்டரும் ராஜாமணி அம்மாவும் வந்தார்கள். பூஜை போட்ட அன்றைக்குப் பிறகு அந்த அம்மா அங்கே வருவது அதுதான் முதல் தடவை.

முன்வாசல் வரும் இடத்தில் வந்து நின்றார். செருப்பைக் கழற்றினார். உள்ளே காலை வைக்கவில்லை. அங்கிருந்தே நேராகப் பார்த்தார். நடுவாசல் திறப்பு, அதற்குப் பின்னால் பின்வாசல் திறப்பு, அதற்கும் பின்னால் காப்பிச் செடிகள். எல்லாம் ஒரே பார்வையில் தெரிந்தன. மறுபடி செருப்பைப் போட்டுக்கொண்டு போய் மணல் குவியலில் உட்கார்ந்துவிட்டார்.

"என்ன ராஜாமணி, தலை சுத்துதா?" என்றார் ரைட்டர்.

"இல்லீங்க."

"பின்ன?"

"எனக்கு இந்த ஊடு வேண்டாமுங்க. நீங்க இருந்துக்குங்க. நான் மேட்டூர்ல புள்ள ஊட்டுக்குப் போயிக்கறேன்."

ரைட்டர் எங்கள் எல்லோரையும் பார்த்தார். சித்தாள்கள் கைவேலையை நிறுத்திவிட்டார்கள். "ஆளுங்க முன்னால என்ன பேச்சு இது? நீ பாத்துப் பாத்து வெச்சிருந்த படத்தைக் காட்டித்தானே கட்டறேன்? இதுல என்ன குத்தம்?"

"குத்தமெல்லாம் இல்லீங்க. லைன் ஊடு மாதிரியே இருக்குது. அதுக்கு லைன் ஊட்டுலயே இருந்திருக்கலாம்."

மேஸ்திரி என் பக்கம் திரும்பி, "அம்மணி, நீங்க கம்பியப் பாருங்க. புருசம் பொண்டாட்டி பேச்சு, தானா அடங்கிரும். நாளைக்கு காங்கிரீட்டுக்கு ஆள் சொல்லியாச்சு" என்றார்.

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. மழை நெருங்கிக்கொண்டிருந்தது. மழைக்கு முன் கூரை போடாவிட்டால் சுவர் நனையும், வேலை நிற்கும், புது ரைட்டர் வந்து நிற்பார், இவர்களுக்கு இருக்க வீடு கிடையாது. இளையவர்களே, உங்களுக்கும் இப்படி ஒரு காலை வரும். வேலையை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் உங்கள் கையில் இருக்காது, நடக்கட்டும் என்று விட்டுவிட்டால் ஒருவரும் உங்களைக் குறை சொல்லவும் மாட்டார்கள். அந்த நேரத்தில் எனக்குக் கைகொடுத்தது துணிச்சலில்லை. எனக்கு இருந்த ஒரே ஆயுதம் எதையும் தெரிந்துகொள்ளாமல் விட முடியாத குணம். அந்த அம்மா அவ்வளவு வருடம் எதைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று தெரியாமல் என்னால் பஸ் ஏற முடியாது.

"அந்தப் பக்கத்தைக் கொஞ்சம் கொடுங்க" என்று ரைட்டரிடம் கேட்டேன்.

மேஸ்திரிக்குக் காட்டுவதற்காக அதைச் சட்டைப்பையில் வைத்திருந்தார். வெயிலில் பிடித்துப் பார்த்தேன். சேலம் ஆபீஸின் டியூப்லைட்டில் கண்ணில் படாதது இப்போது பட்டது. கணப்பு இருந்த இடம் புதுசு போலப் பளபளவென்று இருந்தது. அதற்கு வலப்பக்கம் ஓரமாக ஒரு கதவு பாதி திறந்திருந்தது. நாங்கள் யாருமே அதைக் கவனிக்கவில்லை. அந்தக் கதவின் விளிம்பில் மட்டும் வண்ணம் தேய்ந்து, உள்ளிருந்த வெள்ளைக் காகிதம் தெரிந்தது. தினமும் ஒரு விரல் அதே இடத்தில் பட்டால்தான் அப்படித் தேயும்.

நான் போய் மணலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். தேய்ந்த இடத்தைக் காட்டி, "ஏனுங்கம்மா, இந்தக் கதவுல என்னங்க இருக்கு?" என்றேன்.

அவர் அந்த இடத்தை விரலால் தடவினார். பிறகு சிரித்துவிட்டார். "கதவுல ஒண்ணுமில்ல கண்ணு. அதுக்கு அந்தப்பக்கம் என்ன இருக்கும்னு பாத்துட்டே இருப்பேன். எப்படிச் சாச்சுப் பிடிச்சாலும் தெரியாதில்ல, அதனால நானா ஒண்ணு நெனச்சுக்குவேன். ஒரு நாளைக்குக் கட்டில். ஒரு நாளைக்குத் தையல் மிசினு. ஒரு நாளைக்கு ஒண்ணுமே இல்லாம சும்மா ஒரு சன்னலு."

"லைன் ஊட்டுல அப்படி ஒரு கதவு இல்லீங்களா?"

"லைன் ஊட்டுல வாசல்ல வந்து நின்னா அடுப்பு வரைக்கும் தெரியும். ரைட்டரத் தேடி ஆள் வந்துட்டே இருப்பாங்க. கதவச் சாத்துனா உள்ள இருட்டு, தொறந்து வெச்சா ஊரே உள்ள. பெரியவ பொறந்தப்ப அசந்து படுத்திருக்கேன். சம்பளத்தன்னிக்கு வாசல்ல கூட்டம். ஒருத்தரும் தப்பாப் பாக்கல கண்ணு. நல்லவங்கதான். ஆனா பாத்துட்டாங்க."

ரைட்டர் அருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் கோபம் எங்கோ போய்விட்டது. "எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்ல?" என்றார், சின்னக் குரலில்.

"உங்களுக்குப் பயர்பிளேசு மேல எத்தனை ஆசைன்னு எனக்குத் தெரியுமுங்க. இந்தத் துண்டு நெலத்துல ரெண்டுக்கும் எடம் இருக்காதுன்னு நானே உட்டுட்டேன். இங்க வந்து பாத்ததும் முடியலீங்க."

"கணப்பு இல்லாட்டிப் போகட்டும், கதவை வைக்கலாமா?" என்று நான் ரைட்டரிடம் கேட்டேன். அவர் சரி என்று தலையாட்டியிருந்தால் வேலை சுலபமாக முடிந்திருக்கும். அவர் ஆட்டவில்லை. பங்களாவில் தினமும் சாயங்காலம் கணக்கு ஒப்பிக்கும்போது தான் கணப்பின் முன்னால் நிற்பது வழக்கம் என்றார். "மூஞ்சிக்குச் சூடு, முதுகுக்குக் குளுரு. நின்னுட்டேதானுங்க இருந்தேன் இத்தனை வருசமும். எம்பட ஊட்டுல ஒரு தடவை அதும் முன்னால உக்காரோணும். நொம்ப ஆசைங்க அம்மணி." சொல்லும்போது வெட்கப்பட்டார்.

இரண்டு ஆசைகள், ஒரே கூடம். இடது சுவரில் கணப்பின் அடித்தளம் முழங்கால் உயரம் எழும்பியிருந்தது. நான் மேஸ்திரியிடம், "இன்னிக்கு மட்டும் பொறுங்க, இன்ஜினியரக் கேட்டுட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு ஏற்காட்டுக்குப் பஸ் ஏறினேன். ஒண்டிக்கடை நிறுத்தத்தில் இறங்கி, போஸ்ட் ஆபீஸில் சேலத்துக்கு டிரங்க் கால் பதிவு செய்து காத்திருந்தேன். காத்திருந்த நேரமெல்லாம் படம் மடியில் இருந்தது.

லைன் கிடைத்தது. இரைச்சலுக்கு நடுவில் எல்லாவற்றையும் கத்திச் சொன்னேன்.

இன்ஜினியர் எரிச்சலாக, "நிறுத்தினா மேஸ்திரி கோவிச்சுக்குவாரு, கட்டினா அந்தம்மா கோவிச்சுக்கும். நீ யார் பக்கம்?" என்றார்.

எனக்கு என்ன தோன்றியதோ, "படத்துப் பக்கம் சார்" என்றேன்.

"படத்துல கதவு எங்க இருக்கு?"

"கணப்புக்கு வலது பக்கத்துல."

"கணப்பு?"

"எதிர்ச்சுவர் நடுவுல சார். வாசலுக்கு நேரா."

இணைப்பு போய்விட்டதோ என்று நினைத்தேன். பிறகு, "அட, நகர்த்தினது நாமதானே" என்றார். "மூணு வாசல் நேரா வேணும்னு கணப்பை ஓரங்கட்டினோம். அதைத் திருப்பி நடுவுல வை. நேரா வர்ற பார்வையை அது மறிச்சுக்கும், கதவு பக்கத்துல ஒதுங்கிக்கும். மேஸ்திரியை மட்டும் நீதான்..." அதற்குள் உண்மையாகவே இணைப்பு போய்விட்டது.

திரும்பிப் போனேன். வாசல் நேராக இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்றார் ரைட்டர், மேஸ்திரிதான் ஒப்புக்கொள்ளவில்லை. கட்டியதை இடிப்பது அவருக்குப் பெரிதாகத் தெரியவில்லை, வாசல் விஷயம்தான் பெரிது. "மூணு வாசலும் நேரா இல்லாட்டி காத்து எப்படிங்க ஓடும்? இத்தனை ஊடு கட்டியிருக்கேன், ஒண்ணுலயும் நடுவாசல மறிச்சதில்ல. நாளைக்கு அந்த ஊட்டுல ஒரு தும்மல் வந்தாலும் பெருமாள் கட்டுன ஊடுன்னுதான் சொல்லுவாங்க." அவர் பிடிவாதக்காரர் இல்லை. தன் பெயருக்காகப் பயந்தார். அந்தப் பயத்தை என் காகிதத்தால் போக்க முடியாது என்று தெரிந்தது.

சிமென்ட் மூட்டைகளின் மேல் ஒரு தார்ப்பாய் போட்டிருந்தார்கள். அதை எடுத்து, இரண்டு சவுக்குக் கழிகளில் கட்டி, நடுவாசல் திறப்புக்கு முன்னால் கணப்பு வர வேண்டிய அகலத்துக்கு நிறுத்தச் சொன்னேன். வலப்பக்கம் ஆள் நுழையும் அளவு இடம் விட்டோம். மேஸ்திரியையும் ரைட்டரையும் முன்வாசலில் நிற்கச் சொல்லிவிட்டு, ராஜாமணி அம்மாவிடம், "உள்ள போய்ப் பாருங்கம்மா" என்றேன்.

இந்த முறை செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். தார்ப்பாய்க்குப் பின்னால் மறைந்தார்.

நாங்கள் காத்திருந்தோம். வரவில்லை. சத்தமும் இல்லை. ரைட்டர் கழுத்தை நீட்டிப் பார்த்தார், தார்ப்பாய்தான் தெரிந்தது.

"ராஜாமணி, என்ன பண்றே?"

"ஒண்ணும் பண்லீங்க."

"அப்ப வா."

"கொஞ்ச நேரம் நின்னுட்டு வர்றேனுங்க."

மேஸ்திரி ஒரு பீடியைப் பற்றவைத்தார். அவருக்கும் வீட்டில் மனைவியும் இரண்டு பெண்களும் உண்டு. பீடி முடியும்வரை தார்ப்பாயையே பார்த்துக்கொண்டிருந்தவர், அதைக் கீழே போட்டு மிதித்துவிட்டுக் கடப்பாரை இருக்கும் பக்கம் நடந்தார். "கணப்புக்கு மேல ரெண்டு காத்துச் சந்து நேரா வெச்சுருவேன் அம்மணி. வாசலுக்குப் பதில் அது நேரா இருக்கட்டும். அதுக்கு நீங்க மாட்டேன்னு சொல்லப்படாது."

சொல்லவில்லை. நடுவாசல் திறப்பை அடைத்து, புதுக் கதவுக்குச் சுவரை வெட்டினோம். கணப்புக்குத் தனி அடித்தளம் தோண்டினோம். லிண்டல் தள்ளிப்போனது. கூரை ஓடு வேய்ந்துகொண்டிருக்கும்போதே முதல் மழை பிடித்துக்கொண்டது. மேஸ்திரியும் ரைட்டரும் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு சேர்ந்து ஓடு எடுத்துக் கொடுத்ததைப் பார்த்தேன். பால் காய்ச்சின அன்றைக்குக் கணப்பை மூட்டினார்கள். புகைபோக்கி உயரம் போதவில்லை. மலைக்காற்று புகையைத் திருப்பிக் கூடத்துக்குள் தள்ளியது. வந்த சொந்தக்காரர்கள் எல்லோரும் கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே ஓட, ரைட்டர் மட்டும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. "பரவால்லீங்க, பரவால்லீங்க" என்று இருமிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அடுத்த வாரம் மேஸ்திரி வந்து புகைபோக்கியை உயர்த்தினார். கணப்பின் முதுகு உள்ளறைப் பக்கம் இருந்ததால் அந்த அறையும் வெதுவெதுப்பாக இருந்தது. அது நாங்கள் யாரும் திட்டமிட்டதில்லை.

அதற்குப் பிறகு எத்தனையோ வீடுகள் வரைந்தேன். வீட்டுப் பத்திரிகைகளை ஏன் பிடிக்கிறது என்று என்னிடம் கேட்டால் இப்போதும் முழுப் பதில் இல்லை. ஒன்று மட்டும் தெரியும். அச்சடித்த பக்கத்தில் கதவு எத்தனை வருடம் ஆனாலும் அதே அளவுதான் திறந்திருக்கும். தள்ளினால் அடுத்த படம் வராது. அதனால் பார்க்கிறவர் அதற்குள் தானே போக வேண்டியிருக்கிறது. வாடிக்கையாளர் உங்களிடம் நூறு படம் காட்டினால், எது பிடிக்கும் என்று கேட்காதீர்கள். இதில் எந்த இடத்தில் போய் நிற்பீர்கள் என்று கேளுங்கள். கணவனிடம் தனியாக, மனைவியிடம் தனியாக.

தொண்ணூறுகளில் வேறொரு வேலையாகக் கொட்டச்சேட்டுக்குப் போனபோது அந்த வீட்டுக்கும் போனேன். முன்வாசல் திறந்திருந்தது. ரைட்டர் கணப்புக்கு முன்னால் சால்வை போர்த்தி உட்கார்ந்திருந்தார். பகல் நேரம், நெருப்பு இல்லை, ஆனாலும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து, "வாங்க அம்மணி, வாங்க" என்று இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டார். உள்ளே பார்த்து, "ராஜாமணி, ஆர் வந்திருக்காங்கன்னு பாரு" என்றார்.

"வர்றேன், இருக்கச் சொல்லுங்க" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

உட்கார்ந்தோம். மிளகு விலை பேசினோம், மகளின் பிள்ளைகள் படிப்பைப் பேசினோம். அந்த அம்மா வரவில்லை. உள்ளே ஏதோ ஒன்று மெதுவாக, விட்டு விட்டுச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. தையல் மிஷின் சத்தமில்லை, அம்மியும் இல்லை. என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"அம்மா என்ன செய்யறாங்க?" என்றேன்.

"தெரியாதுங்க" என்றார் ரைட்டர், மிகச் சாதாரணமாக. "நான் கேக்கறதில்லீங்க."

கொஞ்ச நேரம் கழித்து ராஜாமணி அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து, என் கையைப் பிடித்து, "நல்லாருக்கியா கண்ணு, இளைச்சுட்டியே" என்றார். காப்பி போட்டுக் கொடுத்தார். அவருக்குப் பின்னால் கதவு பாதி திறந்திருந்தது. அந்த அறையின் ஒவ்வொரு சுவரையும் அளந்து வரைந்தவள் நான். இரண்டடி நகர்ந்து உட்கார்ந்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்திருக்கும்.

நான் இருந்த இடத்திலேயே உட்கார்ந்து காப்பியைக் குடித்தேன்.